தனிக் கதவு

மனையில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றைக்குத்தான், தன் அக்கா கமலாவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்பது குமரேசனுக்குத் தெரிந்தது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. பள்ளிப்பட்டு சாலையில், திருத்தணி ஊர் முடிந்து கொஞ்ச தூரம் தள்ளி, நகராட்சி ஒதுக்கிய மேட்டு நிலம். கல்லும் கள்ளியுமாகக் கிடந்ததை ஜேசிபி விட்டுச் சமப்படுத்தியிருந்தார்கள். ஓடைக்கரையில் குடிசை போட்டிருந்த முப்பது சொச்சம் குடும்பங்களும் வந்திருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சதுரம், அதற்குள் ஹால், சமையல்கட்டு, ஒரு ரூம், பின்னால் கக்கூஸ் என்று தரையிலேயே வெள்ளைக் கோடு இழுத்து வைத்திருந்தார் இன்ஜினியர் அனுராதா. சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று அனுப்பி வைத்த பெண். எல்லாரையும் அவரவர் வீட்டுக்குள் போய் நின்று பார்க்கச் சொன்னார். சிலர் கோட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். கோட்டைத் தாண்டி ஓடிய பிள்ளைகளை, சுவரைத் தாண்டாதே என்று பெரியவர்கள் அதட்டினார்கள்.

நிலம் நகராட்சியுடையது. பணத்தில் ஒரு பங்கு சர்க்கார், ஒரு பங்கு தொண்டு நிறுவனம். குடியிருக்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உடலுழைப்புக் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் இதைக் கூட்டாண்மைத் திட்டம் என்றார்கள். ஓடைக்கரைக்காரர்களுக்கு அது வாயில் நுழையவில்லை. பங்காளித் திட்டம் என்று சொல்லிக்கொண்டார்கள். பங்காளி என்று பேர் வைத்தபிறகு சண்டை வராமல் இருக்குமா என்று அவர்களில் ஒருத்தியான காஞ்சனா கேட்டபோது அனுராதாகூடச் சிரித்துவிட்டார்.

குமரேசன் சென்னையில் சென்ட்ரிங் வேலை செய்பவன். விடியற்கால ரயிலில் போய், மற்றவர்கள் குடியிருக்கப்போகும் அடுக்குமாடிகளுக்கு முட்டுக்கொடுத்துப் பலகை அடித்துத் தளம் ஏற்றுவான். அன்றைக்குத் தன் வீட்டுச் சதுரத்தை ஒருமுறை சுற்றி வந்தான். மனைவி ஷோபனா ஹாலில் நின்றிருந்தாள். மகள் யுவஸ்ரீ ரூமுக்குள் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்து, மேசை எந்தப் பக்கம் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது படிக்கிறாள். அந்த ரூம் அவளுக்கு என்று ஷோபனா சொல்லி வைத்திருந்தாள். கமலா கோட்டுக்கு வெளியே நின்று, தான் வேலை செய்யும் டிபன் கடையிலிருந்து எடுத்து வந்த இட்லியை எல்லாருக்கும் வைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வா என்று குமரேசன் கூப்பிட்டதற்கு, கையில் வேலை இருக்கிறது என்றாள்.

அவன் அனுராதாவிடம் போனான். எங்க அக்கா வீடு எது என்று கேட்டான். அனுராதா ஷோபனாவைப் பார்த்தார்.

"ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு வூடுதான்யா," என்றாள் ஷோபனா. "அண்ணியும் நம்ம கார்டுலதான கீறாங்க."

குமரேசன் வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளியை விட்டுவிட்டு, சுவர்க் கோட்டை மிதித்துத் தாண்டிச் சாலைக்குப் போய் பஸ் ஏறிவிட்டான்.

அந்த விதியைச் சொன்னதே ஷோபனாதான். இரண்டு வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் ஓடை பெருகி அடுப்பு வரைக்கும் தண்ணீர் வந்தது. அதற்குப் பின் இடத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எங்கோ ஒரு மூலையில் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைப்பார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, ஊருக்குப் பக்கத்திலேயே மனை வேண்டும் என்று தாலுகா ஆபீசுக்கும் நகராட்சிக்கும் நடையாய் நடந்தவள் அவள். மலையடிவாரத்து லாட்ஜ் ஒன்றில் ரூம் பெருக்கி, படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை. மத்தியானம் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் சோற்றைக்கூடத் தின்னாமல் ஆபீசுக்கு ஓடுவாள். குடியிருப்போர் சங்கத்துக்கு அவளையே தலைவியாக்கினார்கள்.

கணக்கெடுப்பு சமயத்தில் கூட்டத்தில் பெரிய கூச்சல். கல்யாணம் ஆன மகனுக்குத் தனியாக, தம்பிக்குத் தனியாக என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். காஞ்சனா தன் அம்மாவுக்கு ஒரு வீடு கேட்டாள். இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் ஒருவருக்கும் கிடைக்காது, ஒரு கார்டு ஒரு வீடு என்று முடிவு பண்ணுவோம் என்று ஷோபனா எழுந்து சொன்னாள். நாத்தனாரை வீட்டில் வைத்துக்கொண்டு அவளே அப்படிச் சொன்னதால்தான் மற்றவர்கள் வாயை மூடினார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் திட்டம் நகர்ந்தது.

கமலாவை ஆந்திரா பக்கம் புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷம் கூட ஆகவில்லை, புருஷன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். அம்மா செத்த வீட்டில் அப்போது குமரேசன் பள்ளிக்கூடம் போகிற பையன். அவனுக்கு ஆக்கிப்போட்டு, வேலை கற்றுக்கொள்ள அனுப்பி, ஷோபனாவைப் பெண் பார்த்துக் கட்டி வைத்தவள் அவள்தான். பஸ் ஸ்டாண்டு டிபன் கடையில் இருட்டோடு போய் மாவாட்டி, இட்லி ஊற்றி, மத்தியானம் திரும்புவாள். குடிசையில் அடுப்பை ஒட்டி ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் அவள் பாய். அவளுடைய தகரப் பெட்டி குமரேசனும் ஷோபனாவும் படுக்கிற கட்டிலுக்கு அடியில் இருந்தது. துணி எடுக்க வேண்டுமானால் அவர்கள் எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருப்பாள்.

அன்றைக்குச் சாயங்காலம் குமரேசன் வீட்டுக்கு வந்ததும் பேச்சு ஆரம்பித்தது. கமலா திரைக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீடு பெண்கள் பேரில்தான் எழுதுவார்கள் என்பது திட்டத்தின் நிபந்தனை. குமரேசன் அதைத்தான் பிடித்தான்.

"பொம்பள பேர்லதான எய்துறாங்க. அக்கா பேர்ல எய்து," என்றான். "அதுவும் பொம்பளதான்."

"எதுக்கு?"

"நாளைக்கி அக்காவ யாரும் வெளிய போன்னு சொல்லக்கூடாது. அதுக்கு."

"யாரு சொல்லப் போறா? நான் சொல்லுவேன்னு பாக்கறியா?"

"நீ சொல்ல மாட்ட. நாளைக்கி நான் ஒரு சாரத்துலர்ந்து வுயுந்து செத்துட்டா, யுவஸ்ரீய கட்டிகினு வர்றவன் சொல்லுவான்."

ஷோபனா மெதுவாகத்தான் சொன்னாள். "யோவ், நான் பொறந்த வூடு எங்க அண்ணனுது. வாழ வந்தது ஓடப் பொறம்போக்கு. லாட்ஜுல எத்தினி ரூமு பெருக்கறேன், ஒரு ரூமாவது என்னுதா? ரெண்டு வருசமா அலஞ்சிகினு கீறேன்யா. ஒரு எடத்துலயாவது ஷோபனான்னு பேரு இருக்கட்டும். அத்த மட்டும் கேக்காத."

"அப்ப எங்கக்கா?"

"நம்மகூட இருப்பாங்க. எப்பவும் மாதிரி."

"எப்பவும் மாதிரின்னா, பொடவைக்குப் பின்னாடியா?"

முறத்தின் சத்தம் நின்றிருந்தது. இருவரும் அதை உணர்ந்து பேச்சை நிறுத்தினார்கள். கமலா திரையை விலக்கி வெளியே வந்து, புடைத்த அரிசியை டப்பாவில் கொட்டி மூடினாள். எனக்காக யாரும் சண்டை போட வேண்டாம் என்றாள்.

மறுநாள் எப்போதும்போல இருட்டோடு வேலைக்குப் போனவள் மத்தியானம் திரும்பவில்லை. கடையில் கேட்டதற்கு, இன்றைக்கு வேலைக்கு வரவே இல்லை என்றார்கள். ஷோபனா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பெட்டி இருந்தது. திறந்தால், மடித்து வைத்த புடவைகளில் இரண்டு குறைந்திருந்தன.

கமலா மணவூரில் இருக்கிறாள் என்று கண்டுபிடித்தவன் குமரேசன். அவன் தினமும் போகிற ரயில் நிற்கிற ஸ்டேஷன் அது. ஸ்டேஷனுக்கு வெளியே டிபன் கடை வைத்திருக்கிறவர்கள் அவளுக்குப் பழக்கம். இறங்கிப் போய்க் கூப்பிட்டான். வரமாட்டேன் என்றாள். அதற்கப்புறம் அவனும் வீட்டில் தங்குவதைக் குறைத்துக்கொண்டான். கட்டட வேலை நடக்கிற இடத்திலேயே படுத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவான். வந்தால் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு மலைப்பாதைப் படியில் போய் உட்கார்ந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை உழைப்புக்கு மட்டும் வரவில்லை. மனைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

ஷோபனா அவனுக்கும் சேர்த்து வேலை செய்தாள். பங்குனி வெயிலில் அஸ்திவாரக் குழிக்குக் கல் சுமந்தாள். சித்திரையில் பேஸ்மட்டம் எழுந்தது. டேங்கர் தண்ணீர் வந்தால் குடத்தில் மொண்டு புதுக் கட்டு வேலை மேல் ஊற்ற வேண்டும். வரிசையாகப் பெண்கள் நின்று கைமாற்றுவார்கள். குடம் அவளிடம் வரும்போது மட்டும் காஞ்சனா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கூட வாழ்ந்த நாத்தனாரையே கணக்கில் சேர்க்காமல் விட்டவள் நம்மை எப்படிக் கரையேற்றுவாள் என்று அவள் சொன்னதாக வேறு ஆட்கள் வந்து சொன்னார்கள். ஷோபனா கேட்டுக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. லாட்ஜில் நிற்க நேரமில்லை. காவடிக்காரர்களும் மொட்டை போட்டவர்களும் ஒரு ரூமுக்குப் பத்துப் பேராக வந்து, சந்தனமும் மஞ்சளும் விரிப்பில் அப்பி வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு ரூமைப் பெருக்கிக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த ரூமைத் திறப்பாள். திறக்கிறதும் சாத்துகிறதுமாகவே நாள் போகும். ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் மனசு மணவூருக்குப் போய்விடும். அதனால் உட்காராமல் இருந்தாள். வீட்டுக்கு வந்தால் அடுப்பு ஓரத்தில் அந்தப் புடவைத் திரை தொங்கிக்கொண்டிருக்கும். அவிழ்க்கவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை.

கூட்டம் வடிந்த பிறகு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். மணவூரில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. கடையில் வியாபாரம் இல்லாத நேரம். கமலா வாசலில் உட்கார்ந்து சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஷோபனாவைப் பார்த்ததும் எழுந்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு தோசை ஊற்றி எடுத்து வந்தாள். யுவஸ்ரீ எப்படிப் படிக்கிறாள், குமரேசனுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தாள். அவள் மெலிந்து போயிருந்தாள். ஆனால் முகத்தில் ஏதோ ஒரு தெளிவு இருந்ததை ஷோபனா கவனித்தாள்.

"வந்துடுங்க அண்ணி," என்றாள். "நான் சொன்னது தப்புதான்."

"நீ சொன்னதுல இன்னா தப்பு? அன்னிக்கி நீ அப்பிடி சொல்லலன்னா ஒருத்தருக்கும் வூடு வந்திருக்காது. எனக்குத் தெரியாதா."

"அப்ப கோவம் இல்லன்னா ஏன் வர மாட்டேன்றீங்க? உங்க பேர்லயே எய்தணும்னா எய்திக்கலாம். யோசிச்சிட்டேன். எய்திக்கலாம்."

கமலா சிரித்தாள். "உம்பேர வாங்கிகினு நான் இன்னா பண்றது. எனக்கு வாணாம்மா." நறுக்கிய காயைத் தண்ணீரில் அலசினாள். பிறகு, "வா, நான் படுக்கற எடத்த பாரு," என்று உள்ளே கூட்டிப்போனாள்.

கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை போடுகிற ரூம். ஜன்னல் கிடையாது. மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம். எலிப்புழுக்கை பெருக்கி ஒரு மூலையில் குவித்திருந்தது. இங்கேயா படுக்கிறீர்கள் என்று ஷோபனா கேட்டாள்.

"ஆங், இங்கதான். எலி ஓடும். காத்து வராது. ஆனா தோ, பாரு," என்று கமலா கதவைக் காட்டினாள். உள்பக்கம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. "ராத்திரி இத்த போட்டுகினு படுக்கறேன் ஷோபனா. புத்தூர்ல மாமியா, மாமனாரு எல்லாருக்கும் நடுவுல படுத்துகினு இருந்தேன். அப்பால நம்ம குட்ச. என் ஆயுசுல ஒரு தபாகூட நான் ஒரு கதவ சாத்தினதில்ல. பொடவ மாத்தணும்னா எல்லாரும் தூங்கட்டும்னு இருப்பேன். அழுவணும்னாகூட தண்ணி மொள்ற மாதிரி ஓடைக்குப் போயிட்டு வருவேன். இங்க வந்த மொத நாளு தாப்பா போட்டுட்டு சும்மா குந்தினு இருந்தேன். ரொம்ப நேரம். யாரும் வரல. வர முடியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அத வுட்டுட்டு எப்பிடிம்மா வர்றது?" என்றாள். நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்கிற மாதிரி இருந்தது.

திரும்புகிற ரயிலுக்காக ஷோபனா பிளாட்பாரத்தில் காத்திருந்தாள். உட்கார முடியவில்லை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். ஒரு ரயில் வந்து நின்று போனது. ஏற வேண்டும் என்றே தோன்றவில்லை. அடுத்ததில்தான் ஏறினாள்.

மறுநாள் மனையில் அனுராதாவைப் பிடித்தாள். சுவர்கள் ஜன்னல் மட்டம் தாண்டி எழுந்திருந்தன. ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவில் விட்டிருக்கிற வழியை அடைத்துவிட்டு, ரூமின் பின்பக்க ஜன்னல் இருக்கிற இடத்தில் கதவு வைக்க முடியுமா என்று கேட்டாள். அனுராதா உடனே முடியாது என்று சொல்லவில்லை. சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். எல்லா வீடும் ஒரே மாதிரி என்றுதான் அனுமதி வாங்கியிருக்கிறது. ஒன்றை மாற்றினால் எல்லாவற்றுக்கும் கேள்வி வரும். அதுவும் தலைவி வீட்டுக்கு மட்டும் மாற்றினால் இன்னும் மோசம். தவிர, பின்பக்கம் தனி வாசல் வைத்தால் அந்த ரூமைக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவார்கள் என்று நகராட்சி பயப்படும். கூட்டத்தில் வைத்து எல்லாரும் ஒப்புக்கொண்டால் தான் மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார்: "ரூமை வெளிய திருப்பிட்டா உங்க மூணு பேருக்கும் ஹால் மட்டும்தான். யோசிச்சீங்களா ஷோபனா?"

யோசித்திருந்தாள். அதைவிடக் கஷ்டமான ஒன்று வீட்டில் காத்திருந்தது. யுவஸ்ரீயிடம் சொன்னபோது அவள் அழவில்லை, கத்தவில்லை. ரூம் எனக்குன்னு நீதானே சொன்ன என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு பல நாள் அம்மாவோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

கூட்டம் மனையிலேயே, கூரை இல்லாத பொதுக்கூடத்தில் நடந்தது. மேகம் திரண்டு கொண்டிருந்தது, காற்று சிமெண்ட் தூசியை வாரி இறைத்தது. நகராட்சியிலிருந்து சுப்பிரமணி என்ற அதிகாரியும் வந்து ஒரு ஓரமாக நின்றார். ஷோபனா எழுந்து, ஒரு கார்டு ஒரு வீடு என்று அன்றைக்குச் சொன்னது தான்தான், இன்றைக்கு அதை மாற்றச் சொல்லவில்லை, வீடு ஒன்றுதான், அதில் ஒரு கதவு மட்டும் கூடுதலாகக் கேட்கிறேன் என்றாள். மூட்டை ரூமைப் பற்றியும் தாழ்ப்பாளைப் பற்றியும் சொன்னாள். குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கிற வேலை இது என்று பின்னாலிருந்து கஜபதி முணுமுணுத்தார். அவர் மகன் வீட்டில் இருக்கிற பெரியவர். இப்படி ஆரம்பித்தால் லாட்ஜ்தான் நடக்கும் என்றது இன்னொரு குரல்.

காஞ்சனா எழுந்தாள். ஷோபனா தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"அன்னிக்கி எங்கம்மாவுக்கு கேட்டேன்," என்றாள் காஞ்சனா. "வூடு கெடையாதுன்னு இவதான் குந்த வெச்சா. நானும் குந்திட்டேன். எங்கம்மா எங்க படுக்குதுன்னு யாராவது கேட்டீங்களா? மருமவன் இருக்கற ரூம்ல படுக்காது அது. ஆட்டுக் கொட்டாவுல படுக்குது. மழை வந்தா முட்டிய கட்டிகினு குந்தினு இருக்குது. வூடு கேட்டா கணக்கு இடிக்குது, சரி. கதவு கேட்டா இன்னாத்துக்கு இடிக்கணும்? இவளுக்கு குடுத்தா எனக்கும் குடுக்கணும். யார் யாரு கேக்கறாங்களோ அவங்களுக்கு குடுக்கணும். இவளுக்கு ஒண்டின்னா நான் வுட மாட்டேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒருத்தியின் வீட்டில் கல்யாணம் ஆகாத கொழுந்தன். இன்னொரு வீட்டில் புருஷன் செத்து வந்த மகளும் கைக்குழந்தையும். குடும்பம் பிரிகிறது என்ற கஜபதியே, தனக்கு ராத்திரி இருமல் தாங்கவில்லை, மருமகள் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறாள் என்றார். கணக்கெடுப்பில் எந்தக் குடிசையும் முழுசாக எண்ணப்படவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வாடகைக்கு விட்டால் என்ன செய்வீர்கள் என்று சுப்பிரமணி கேட்டார். விட்டால் சங்கமே அந்தக் கதவை அடைத்துவிடும் என்று காஞ்சனா சொன்னாள். அவர் அதற்கு ஒப்புதல் சொல்லவில்லை, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

பதில் வருவதற்குள் ஷோபனா நகராட்சிக்கு எத்தனை முறை போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. சில நாள் காஞ்சனாவும் கூட வந்தாள். இருவரும் ஆபீஸ் வராந்தாவில் பேசாமல் நின்றார்கள். பேசுவதற்கு நிறைய இருந்ததால் ஆரம்பிக்கத் தெரியவில்லை. கடைசியில், அனுராதா திருத்தி வரைந்த படத்துக்கு அனுமதி வந்தது. கேட்ட வீடுகளுக்கு மட்டும், ரூமுக்கு உள்வழி இல்லாமல், பின்பக்கம் தனிக் கதவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷோபனா மனைக்குப் போனபோது தன் வீட்டுக்குள்ளிருந்து உளிச் சத்தம் கேட்டது. குமரேசன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பின்பக்க ஜன்னலுக்குக் கீழே இருந்த செங்கலை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கொண்டிருந்தான். உடையாமல் எடுத்து ஓரமாக அடுக்கியிருந்தான். அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மறுபடியும் உளியைச் செங்கலில் வைத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர்த்த கல்லில் ஒட்டியிருந்த காரையைக் கொத்தனார் கரண்டியால் சுரண்டினாள்.

வெகுநேரம் கழித்து, "தாப்பா உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்று கேட்டான்.

"உள்பக்கம்," என்றாள் ஷோபனா.

பெயர்த்த கல்லைக் கொண்டே ஹாலிலிருந்து ரூமுக்குப் போகிற வழியை அடைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அவன் எல்லா வீட்டுத் தளத்துக்கும் பலகை அடித்தான். அக்காவைப் பற்றியோ பேரைப் பற்றியோ அவர்கள் மறுபடி பேசவில்லை. ஆனால் அவன் ராத்திரி வீட்டுக்கு வர ஆரம்பித்தான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வீடுகளைக் கொடுத்துவிட்டார்கள். பத்திரத்தில் ஷோபனா பேர் இருந்தது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பீரோவில் வைத்தாள். எதிர்பார்த்த மாதிரி நெஞ்சு நிறைந்து விடவில்லை. ஹாலில் கட்டிலைப் போட்டதும் நடக்க இடமில்லை. யுவஸ்ரீ சமையல்கட்டு மேடைக்குக் கீழே தன் புத்தகங்களை அடுக்கினாள். இங்கே படித்தால் குழம்பு தெறிக்குமே என்று ஷோபனா சொன்னாள். தெறிக்கட்டும் என்றாள் அவள். பல நாளைக்குப் பிறகு அம்மாவுக்குச் சொன்ன பதில் அது.

கமலாவை அழைத்து வர குமரேசன் மணவூருக்குப் போனான். வருவாளா என்பது அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற வரைக்கும் தெரியவில்லை. கையில் ஒரு துணிப் பையோடு வந்தாள். முன்வாசல் வழியாக வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அடைத்த சுவரைத் தடவிப் பார்த்தாள். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. ஷோபனா அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சாவியைக் கையில் கொடுத்தாள். தகரப் பெட்டி ஏற்கெனவே உள்ளே இருந்தது. கமலா உள்ளே போய் நின்று நாலு மூலையும் பார்த்தாள். ஷோபனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கமலா கதவைச் சாத்திவிட்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

ஷோபனா முன்பக்கம் வந்தாள். குமரேசன் நிலைகொள்ளாமல் வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தான்.

"இன்னா பண்ணுது உள்ள? சத்தமே காணோம்."

"இருக்கட்டும்யா."

"கோவமா இருக்குதா?"

"தெரியல. இருக்கட்டும்."

மலைப்பக்கம் இடி உறுமியது. தூறல் போட்டது, நின்றது. ஷோபனா டீ போட்டாள். நாலு டம்ளரில் ஊற்றினாள். ஒன்றை எடுத்துக்கொண்டு மறந்துபோய் ரூம் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றாள். திரும்பி, முன்வாசல் வழியாக வெளியே வந்து, டம்ளரை முந்தானையால் மூடிக்கொண்டு, சேற்றில் கால் வைத்து வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அடுத்த வீட்டுப் பின்கதவில் காஞ்சனாவின் அம்மா படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஷோபனா கதவைத் தட்டினாள். உள்ளே பாய் நகரும் சத்தம்.

"யாரு?" என்றாள் கமலா.

இத்தனை வருஷத்தில் அவள் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

"நான்தான் அண்ணி, ஷோபனா. டீ எட்தாந்தேன். வரலாமா?"

உள்ளே அமைதியாக இருந்தது. டம்ளர் கையில் சுட்டது. தூறல் மறுபடி ஆரம்பித்தது. ஷோபனா தள்ளவில்லை, இன்னொரு முறை தட்டவும் இல்லை, கதவைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.